ஆள் இருந்தால் ஓடுகிறது, ஆள் இல்லாவிட்டால் உறைகிறது: தக்காளி விலைப் பலகையில் லாங் போலிங் சிக்கல்

பாலக்கோடு_பையன் | திங்கள், காலை 10:12

வணக்கம். பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டிக்கு விலைப் பலகை மாதிரி ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு லாட்டும் (ஒருவரின் சரக்குத் தொகுதி) ஒரு கிரேட் (பெட்டி) என்ன விலைக்குப் போனது என்று கணக்குப்பிள்ளை பதிவார். அது உடனே பார்ப்பவர் போனில் தெரிய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பக்கத்தை ஓட்டும் நிரல் பிஎச்பி, டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், கேள்விகளை வாங்கிப் பின்னால் கடத்த முன்னால் என்ஜின்எக்ஸ். 1 ஜிபி நினைவகம் உள்ள சின்ன வாடகை சர்வர். லாங் போலிங் முறையில் எழுதியிருக்கிறேன். பக்கம் ஒரு கேள்வி அனுப்பும். புது விலை வரும்வரை சர்வர் பதில் சொல்லாமல் வைத்திருக்கும். வந்ததும் கொடுக்கும், பக்கம் மறுபடி கேட்கும். சர்வர் பக்கம் ஒரு வைல் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி): டேபிளில் புது வரி இருக்கிறதா, இல்லையென்றால் ஒரு நொடி ஸ்லீப், மறுபடி பார்.

சோதனைக்காக மூன்று பேரிடம் மட்டும் லிங்க் கொடுத்தேன். மண்டிக் கணினியில் பக்கம் இரவும் பகலும் திறந்தே இருக்கும். ஏலம் நடக்கும் நேரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் விடியற்காலையில் வந்து பார்த்தால் தளமே செத்துக் கிடக்கிறது. எதைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருந்து 504 (நேரத்துக்குள் பதில் வரவில்லை என்ற பிழை) வருகிறது. பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்தால் உயிர் வருகிறது. வேலை இருக்கும்போது ஓடுகிறது, சும்மா இருக்கும்போது சாகிறது. இது என்ன கூத்து?

ஓசூர்_நைட்ஷிப்ட் | திங்கள், காலை 10:40

இந்தக் காலத்தில் யார் லாங் போலிங் எழுதுகிறார்கள்? வெப்சாக்கெட்டுக்கு, அதாவது இரு பக்கமும் பேசத் திறந்தே இருக்கும் இணைப்புக்கு, மாறுங்கள். முடிந்தது கதை.

காரிமங்கலம்_சந்தை | திங்கள், காலை 11:05

கூரை ஒழுகுகிறது என்று வந்தவரிடம் புது வீடு கட்டு என்கிறீர்கள். ஏன் ஒழுகுகிறது என்று தெரியாமல் கட்டினால் புது வீடும் ஒழுகும். அவர் சொன்னதில் ருசியான விஷயம் ஒன்று இருக்கிறது. சுமை கூடும்போது சாகும் சர்வரை நிறையப் பார்த்திருக்கிறேன். சுமை குறையும்போது சாவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

தகடூர்_அக்கா | திங்கள், மதியம் 1:30

தம்பி, யூகிக்க வேண்டாம். மூன்றை எடுத்துப் போடு. ஒன்று, என்ஜின்எக்ஸ் அக்சஸ் லாகில் (வந்த கேள்விகளின் பதிவேடு) அந்த 504 வரிகள், நேரத்தோடு. இரண்டு, எஃப்பிஎம்மின் சொந்த லாகில் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது என்று. மூன்று, உன் வைல் லூப் எப்போது நிற்கும்? புது விலை வந்தால் நிற்கும் என்று சொன்னாய். வராவிட்டால்?

பாலக்கோடு_பையன் | திங்கள், இரவு 8:20

அக்கா, லாக் பார்த்தேன். இரவு 504 வரிகள் மண்டிக் கணினியின் ஐபியிலிருந்து மட்டும் வருகின்றன. இரண்டு வரிக்கு நடுவே சரியாக 60 நொடி, மணி அடித்த மாதிரி. எஃப்பிஎம் லாகில் ஒரே ஒரு எச்சரிக்கை: மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ஒர்க்கர்கள்) எல்லையான 5-ஐ எட்டியாயிற்று, கூட்டிப் பார் என்று.

மூன்றாவது கேள்விக்குப் பதில்… வராவிட்டால் நிற்காது. ஆனால் என்ஜின்எக்ஸ்தான் 60 நொடியில் வெட்டிவிடுகிறதே, அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

தகடூர்_அக்கா | திங்கள், இரவு 9:15

முடியவில்லை, அங்கேதான் இருக்கிறது விஷயம்.

என்ஜின்எக்ஸ் எஃப்பிஎம்மிடமிருந்து பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், நீ மாற்றாவிட்டால், 60 நொடி. அதற்குள் ஒரு பைட்டும் வராவிட்டால் பிரவுசருக்கு 504 கொடுத்துவிட்டுத் தன் கையைக் கழுவிக்கொள்ளும். ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிஎச்பிக்கு இது தெரியாது. எதிரே ஆள் போய்விட்டாரா என்பதை பிஎச்பி எதையாவது எழுத முயலும்போதுதான் கண்டுபிடிக்கும். உன் லூப் விலை வரும்வரை எதையும் எழுதுவதில்லை. ஆக அந்த ஒர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரு கேள்வியை மட்டும் கவனிக்கும் பிஎச்பி புராசஸ்) யாருமே இல்லாத வாசலில் நின்றுகொண்டு விலைக்காகக் காத்திருக்கிறது.

இனி கணக்குப் போடு. மண்டிக் கணினி 504 வாங்கியதும் உடனே மறுபடி கேட்கிறது. இன்னொரு ஒர்க்கர் மாட்டுகிறது. 60 நொடிக்கு ஒன்று. உன்னிடம் இருப்பது ஐந்து. கடைசி விலை பதிவான நான்காவது நிமிடத்தில் ஐந்தும் மாட்டிக்கொண்டன. ஏலம் முடிந்து கணக்குப்பிள்ளை டீ குடிக்கப் போன நேரத்திலேயே உன் தளம் செத்துவிட்டது. நீ பார்த்தது மறுநாள் விடியற்காலை.

ஏலம் நடக்கும்போது ஏன் ஓடியது என்றால், அடுத்தடுத்து விலை பதிவாவதால் லூப்கள் உடைந்து ஒர்க்கர்கள் விடுபட்டுக்கொண்டே இருந்தன. இதில் கொடுமை என்னவென்றால், புது விலை ஒன்று பதிவானால் ஐந்தும் அந்த நொடியே விடுபட்டுவிடும். ஆனால் விலை பதியும் பக்கமும் பிஎச்பிதானே? அதற்கும் ஓர் ஒர்க்கர் வேண்டும். ஐந்து பேரும் விலைக்காகக் காத்திருக்கிறார்கள், விலை சொல்ல வந்தவர் இவர்கள் எழுந்து இடம் விடட்டும் என்று வெளியே நிற்கிறார்.

காரிமங்கலம்_சந்தை | திங்கள், இரவு 9:40

அக்கா, ஓர் ஐயம். பிஎச்பியில் மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் (ஒரு பக்கம் அதிகபட்சம் ஓடலாம் என்ற நேரம்) 30 நொடி என்று இருக்குமே. அது இந்த லூப்பைக் கொன்றிருக்க வேண்டாமா?

தகடூர்_அக்கா | திங்கள், இரவு 9:58

லினக்ஸில் அந்த 30 நொடி ஸ்கிரிப்ட் தானே உழைத்த நேரம் மட்டும்தான். ஸ்லீப்பில் தூங்கிய நேரமும், டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருந்த நேரமும் கணக்கில் வராது. நொடிக்கு ஒருமுறை எழுந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தூங்கும் லூப் 30 நொடி உழைத்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். விண்டோஸில் அப்படியில்லை, அங்கே கடிகார நேரமே கணக்கு. தம்பி வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் வைத்திருந்தால் அங்கே இந்த நோய் தெரிந்திருக்காது.

கடிகார நேரத்தை வைத்துக் கொல்ல வேண்டுமென்றால் எஃப்பிஎம்மில் ரெக்வெஸ்ட் டெர்மினேட் டைம்அவுட் என்று ஒன்று இருக்கிறது. சும்மா விட்டால் அது அணைந்தே இருக்கும். அதைக் காவலாக வை, ஆனால் அதை நம்பி எழுதாதே. லூப்புக்கே ஓர் எல்லை வேண்டும்: 25 நொடி பார், எதுவும் வராவிட்டால் 204 என்று வெறும் பதில் கொடுத்து வெளியே வா. பக்கம் மறுபடி கேட்டுக்கொள்ளட்டும். சர்வரின் எல்லை எப்போதும் நடுவில் இருக்கிற ஆளின் எல்லையைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

ஓசூர்_நைட்ஷிப்ட் | செவ்வாய், அதிகாலை 2:10

ஏன் 25? என்ஜின்எக்ஸில் 300 என்று கூட்டிவிட்டால் போயிற்றே.

காரிமங்கலம்_சந்தை | செவ்வாய், காலை 7:30

என்ஜின்எக்ஸ் உங்களுடையது, கூட்டலாம். அதற்கும் போனுக்கும் நடுவே இருப்பதெல்லாம் உங்களுடையதா? 2011 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6202 என்ற இணைய ஆவணம் இந்த லாங் போலிங்கின் தொல்லைகளைப் பேசவே எழுதப்பட்டது. 120 நொடிவரை சில சோதனைகளில் தாக்குப்பிடித்தது, ஆனால் பொதுவாக 30 நொடி பத்திரம் என்கிறது. அமேசானின் எஸ்கியூஎஸ் என்ற செய்தி வரிசைச் சேவையில் லாங் போலிங்குக்கு அதிகபட்சம் 20 நொடிதான் கொடுக்கிறார்கள். பெரிய ஆள்களே 20-இல் நிற்கும்போது பாலக்கோட்டுக்கு 300 எதற்கு?

பாலக்கோடு_பையன் | புதன், காலை 8:50

லூப்புக்கு 25 நொடி எல்லை வைத்தேன். மேக்ஸ் சில்ட்ரனை 12 ஆக்கினேன். இரண்டு விடியற்காலையாகத் தளம் உயிரோடு இருக்கிறது. அக்காவுக்கு நன்றி.

புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது, அல்லது முன்பே இருந்து இப்போதுதான் கண்ணில் படுகிறது. பலகை திறந்திருக்கும்போது அதே பிரவுசரில் கணக்குப்பிள்ளை வேறு பக்கம், உதாரணமாக நேற்றைய கணக்கைத் திறந்தால் சில சமயம் உடனே வருகிறது, சில சமயம் இருபது நொடிக்கு மேல் ஆகிறது. பலகையை மூடிவிட்டால் உடனே வருகிறது. ஒர்க்கர்கள் நிறையக் காலியாக இருக்கின்றன, பார்த்துவிட்டேன்.

மாங்கூழ்_லோடு | புதன், காலை 9:25

தம்பி, உங்கள் எல்லாப் பக்கத்திலும் மேலே ஒரே ஹெடர் ஃபைலைச் சேர்த்து, அதில் செஷன் ஸ்டார்ட் (யார் லாகின் செய்திருக்கிறார் என்ற குறிப்பைத் திறக்கும் கட்டளை) இருக்கிறதா? லாங் போலிங் பக்கத்திலும் அதே ஹெடர்தானா?

பாலக்கோடு_பையன் | புதன், காலை 9:31

ஆமாம். லாகின் பார்க்க வேண்டுமே.

மாங்கூழ்_லோடு | புதன், காலை 9:50

அப்படியானால் அதுதான். நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு லாரி முறை எண் பலகை செய்து கொடுத்தபோது இதிலேயே மூன்று நாள் போனது. பெங்களூரா மாம்பழ சீசனில் ஆலை வாசலில் லாரி எவ்வளவு நிற்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடை மேடையில் அடுத்த எண் கூப்பிட்டதும் பலகையில் மாற வேண்டும். பலகை மாறும், ஆனால் எடை போடுபவர் சேமி என்ற பட்டனை அழுத்தினால் தவம் கிடக்க வேண்டும். எடைக் கருவியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன் நான், அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது!

காரணம் இதுதான். பிஎச்பி செஷனை ஒரு ஃபைலில் வைக்கிறது. ஒரு பக்கம் செஷன் ஸ்டார்ட் செய்ததும் அந்த ஃபைலைப் பூட்டும். பக்கம் முடியும்வரை பூட்டு விலகாது. அதே ஆளின் அடுத்த பக்கம் செஷன் ஸ்டார்ட்டில் வந்து கதவருகே நிற்கும். உங்கள் லாங் போலிங் 25 நொடி தூங்கும்போது சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குகிறது. லாகின் சரிபார்த்ததும், லூப்புக்கு முன்னால், செஷன் ரைட் க்ளோஸ் என்று ஒரு வரி போடுங்கள். அதற்கு அப்புறம் செஷனில் எதையும் எழுத முடியாது, படித்ததை வைத்துக்கொள்ளலாம். ஒரே வரி.

தகடூர்_அக்கா | புதன், காலை 10:15

திங்கட்கிழமை நான் சொன்ன கணக்கில் இந்த அடுக்கு விட்டுப்போனது. மண்டிக் கணினியிலிருந்து வந்த ஐந்து கேள்விகளில் முதலாவதுதான் லூப்பில் இருந்திருக்கும். மற்ற நான்கும் செஷன் பூட்டின் வாசலில் நின்றிருக்கும். ஐந்து ஒர்க்கரும் மாட்டிக்கொண்டது மாறவில்லை, ஆனால் காரணம் வேறு.

இன்னொன்றும் இதிலிருந்து புரிகிறது. பக்கம் வரவில்லையே என்று ஒருவர் ரீலோட் அழுத்துகிறார். பழைய கேள்வியைப் பிரவுசர் விட்டுவிடும், என்ஜின்எக்ஸ் லாகில் 499 என்று விழும், ஆனால் பிஎச்பி விடாது. புதுக் கேள்வி பழையதன் பூட்டுக்குப் பின்னால் நிற்கும். மறுபடி ரீலோட், இன்னும் ஒன்று. பொறுமையில்லாத ஒரே ஆள் ஐந்து தடவை அழுத்தினால் ஐந்து ஒர்க்கரும் அவருக்கே. லாகில் 499 கொத்தாக இருக்கிறதா பார் தம்பி.

பாலக்கோடு_பையன் | புதன், இரவு 7:45

இருக்கிறது அக்கா. கொத்துக் கொத்தாக. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது இந்தப் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மாங்கூழ் அண்ணா, அந்த ஒரு வரி வேலை செய்தது. கணக்குப் பக்கம் பட்டென்று வருகிறது.

மாங்கூழ்_லோடு | புதன், இரவு 8:05

இன்னொரு எச்சரிக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். பலகையை எட்டு டேப்பில் திறந்து வைக்கிற ஆள் கண்டிப்பாக வருவார். பிரவுசரும் சர்வரும் பேசும் எச்டிடிபி 1.1 முறையில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புதான் கொடுக்கும். ஆறு டேப்பும் ஆளுக்கு ஒரு லாங் போலிங்கைப் பிடித்துக்கொண்டால் ஏழாவது டேப் சர்வருக்கு வந்தே சேராது. உங்கள் லாகில் எதுவுமே இருக்காது, நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். எச்டிடிபி 2 போட்டால் இந்த ஆறு என்ற எல்லை போய்விடும். அதற்கு எச்டிடிபிஎஸ் (பூட்டிய இணைப்பு) வேண்டும், அது எப்படியும் வேண்டியதுதான்.

பாலக்கோடு_பையன் | வெள்ளி, காலை 9:10

இன்று வேறு மாதிரி ஒரு புகார். மூன்று பேர் பார்த்த இடத்தில் இப்போது பத்துப் பேர். ஒரு லாட்டின் விலை யாருடைய பலகையிலும் வரவில்லை. டேபிளில் இருக்கிறது. ரீலோட் செய்தால் வருகிறது. லாங் போலிங்கில் மட்டும் தாண்டிப் போய்விட்டது. அந்த விவசாயி, என் சரக்கை ஏலமே விடவில்லையா என்று மண்டியில் சத்தம் போட்டிருக்கிறார்.

பக்கம் கடைசியாகப் பார்த்த வரி எண்ணை அனுப்பும், சர்வர் அதற்கு மேல் உள்ள எண்களைக் கொடுக்கும். ஒரு பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் வந்த விலையும் விட்டுப்போகாது என்றுதான் இப்படி எழுதினேன்.

பிலிகுண்டுலு_பாட் | வெள்ளி, காலை 9:45

எழுதிய முறை சரிதான். டெலிகிராமில் ஒரு பாட் (தானே பதில் சொல்லும் நிரல்) புதுச் செய்திகளை வாங்கும் கெட்அப்டேட்ஸும் இதே வேலைதான். ஆஃப்செட் என்று கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டி அனுப்ப வேண்டும், அதுவரை உள்ளதை வாங்கிக்கொண்டதாக அவர்கள் வைத்துக்கொள்வார்கள். ஒகேனக்கல்லுக்கு எத்தனை கன அடி வருகிறது, பரிசல் ஓடுமா என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொழுதுபோக்குக்கு ஒரு பாட் வைத்திருக்கிறேன். லேப்டாப்பிலும் சர்வரிலும் ஒரே சமயத்தில் ஓடவிட்டால் 409 (மோதல்) என்று திட்டும். ஒரு பாட்டுக்கு ஒரு காதுதான் என்பது அங்கே விதி.

உங்களுக்கு விட்டுப்போவது ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. விலை பதிபவர் எத்தனை பேர்?

பாலக்கோடு_பையன் | வெள்ளி, காலை 9:58

இப்போது இரண்டு பேர். இரண்டு பக்கம் ஏலம் ஓடுகிறது. விலை வரி, விவசாயி கணக்கு, கமிஷன் மூன்றையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (பதிந்தால் எல்லாம், இல்லையேல் எதுவும் இல்லை) பதிகிறேன்.

தகடூர்_அக்கா | வெள்ளி, காலை 11:20

கிடைத்துவிட்டது. வரி எண் என்பது ரசீது புத்தகத்தில் சீட்டைக் கிழிக்கும்போதே கிடைத்துவிடுகிற எண். ஆனால் அந்த வரி மற்றவர் கண்ணுக்குத் தெரிவது கமிட் ஆன, அதாவது டிரான்ஸாக்ஷன் முழுதாகப் பதிந்து முடிந்த, பிறகுதான். முதல் கணக்குப்பிள்ளை 1041-ஐக் கிழித்துவிட்டார், விவசாயி கணக்கை எழுதுவதில் அரை நொடி இழுத்தது. அதற்குள் இரண்டாமவர் 1042-ஐக் கிழித்து முடித்தும்விட்டார். உன் லூப் வந்து 1040-க்கு மேல் என்ன என்று கேட்டது. தெரிந்தது 1042 மட்டும். பக்கம் 1042 வரை பார்த்தாயிற்று என்று குறித்துக்கொண்டது. அப்புறம் 1041 வெளியே வந்து என்ன பயன்? இனி யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

இதற்குப் பல வைத்தியம் உண்டு. கடைசிச் சில நொடிகளின் வரிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பி, பக்கத்தில் எண்ணைப் பார்த்து இரட்டிப்பைத் தள்ளலாம். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை லாட்?

பாலக்கோடு_பையன் | வெள்ளி, காலை 11:26

நாற்பது, ஐம்பது.

தகடூர்_அக்கா | வெள்ளி, காலை 11:40

ஐம்பது வரிக்கு எதற்கு இந்தப் பாடு? எது புதிது என்று கணக்குப் பார்க்காதே. ஏதாவது மாறினால் பலகை மொத்தத்தையும் அனுப்பு. மூன்று நான்கு கேபி இருக்கும். எந்த வரியும் தொலைய வழியே இல்லை. அரட்டைச் செயலி என்றால் ஒவ்வொரு செய்தியும் வரிசையாக வேண்டும். விலைப் பலகைக்கு இப்போது என்ன நிலவரம் என்பதுதான் வேண்டும்.

மாறியதா என்று அறிய டேட்டாபேஸை நொடிக்கு நொடி தட்டவும் வேண்டாம். விலை கமிட் ஆனதும் ஒரு ஃபைலைத் தொட்டு அதன் நேரத்தைப் புதுப்பித்துவிடு, லூப் அந்த ஃபைலின் நேரத்தைப் பார்க்கட்டும்.

பாலக்கோடு_பையன் | சனி, காலை 8:15

அக்கா சொன்ன மாதிரி மாற்றினேன். இப்போது எதுவுமே வரவில்லை! ஃபைல் நேரம் மாறுகிறது, டெர்மினலில் பார்க்கிறேன். லூப் மட்டும் பழைய நேரத்தையே சொல்லிக்கொண்டு 25 நொடி முடித்து 204 கொடுக்கிறது.

காரிமங்கலம்_சந்தை | சனி, காலை 8:40

ஃபைலின் நேரத்தைச் சொல்லும் ஃபைல்எம்டைம் கொடுத்த பதிலை பிஎச்பி அந்தப் பக்கம் முடியும்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். லூப்பில் ஒவ்வொரு முறையும் கேட்பதற்கு முன் கிளியர் ஸ்டேட் கேஷ் என்று ஒன்றை அழையுங்கள்.

இதைப் போலவே மைஎஸ்கியூஎல்லிலும் ஒரு குழி உண்டு, வேறு யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அதன் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி வழக்கமாக ரிப்பீட்டபிள் ரீட் முறையில் இருக்கும். லூப்பை ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்துவிட்டால் முதல் தடவை பார்த்த காட்சியையே கடைசிவரை காட்டும். வெளியே ஊரே மாறினாலும் உள்ளே தெரியாது. பைத்தானில் ஆட்டோகமிட் (ஒவ்வொரு கேள்வியும் தானாகக் கமிட் ஆவது) இல்லாத இணைப்பை வைத்து எழுதுபவர்கள் இதில் விழுவார்கள். நான் விழுந்தேன்.

தகடூர்_அக்கா | சனி, காலை 9:05

சரியான பதில். என் தப்பு இன்னொன்றும் இருக்கிறது: அந்த நேரம் முழு நொடிக் கணக்கு. ஒரே நொடியில் இரண்டு விலை பதிவானால் இரண்டாவது தெரியாது. நேரத்தை விடு, அந்த ஃபைலுக்குள் ஓர் எண்ணை எழுதி, விலைக்கு விலை ஒன்று கூட்டு. எபிசியூ (பிஎச்பியின் நினைவகச் சேமிப்பு நீட்சி) இருந்தால் அந்த எண்ணை நினைவகத்திலேயே வைக்கலாம்.

பெட்டமுகிலாளம்_மலை | சனி, இரவு 7:30

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. மகன்தான் இந்தப் பக்கத்தைக் காட்டினான். அந்தப் பலகையைப் பார்க்கிற பத்துப் பேரில் நானும் ஒருவன். வண்டியில் சரக்கை ஏற்றிவிட்டு மேலே இருந்து போனில் பார்க்கிறேன். சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. விலை ஒரு இடத்தில் நின்றால் நின்றதுதான். நெட் திரும்ப வந்து வாட்ஸ்அப் எல்லாம் கொட்டும், உங்கள் பலகை மட்டும் அப்படியே இருக்கும். போனைப் பையில் வைத்து எடுத்தாலும் அதே கதை. நின்றுபோன விலை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

மாங்கூழ்_லோடு | சனி, இரவு 8:20

ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி. நாம் ஒரு வாரமாகச் சர்வரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிக்னல் போகும்போது இணைப்பு அறுந்தது என்று போனுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் போய்விடுகிறது. பக்கம் பதில் வரும் வரும் என்று காத்திருக்கும். சர்வர் 25 நொடியில் எப்படியும் ஏதாவது சொல்லிவிடும் அல்லவா? ஆக 35 நொடி ஆகியும் சத்தமில்லை என்றால் அந்த இணைப்பு செத்தது என்று பக்கமே முடிவு செய்து, அபார்ட் கண்ட்ரோலர் என்ற பிரவுசர் வசதியால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கேட்க வேண்டும்.

பையில் வைத்தால் நிற்பது வேறு விஷயம். திரை மறைந்ததும் பிரவுசர் டைமர்களை மந்தமாக்கும். குரோம் 88-இலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமர் நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழும். போனில் அதையும் உறைய வைத்துவிடும். அதனால் விசிபிலிட்டி சேஞ்ச் நிகழ்வைக் கவனித்து, பக்கம் கண்ணுக்குத் தெரிந்த நொடியே புதிதாகக் கேளுங்கள்.

பிழை வந்தால் உடனே மறுபடி கேட்காதீர்கள், இதையும் நான் அடிபட்டுத்தான் சொல்கிறேன். 500 (சர்வர் பிழை) வந்ததும் அடுத்த கணமே கேட்கும்படி எழுதிவைத்திருந்தேன். ஒருநாள் டேட்டாபேஸ் படுத்தது, எல்லாத் திரைகளும் நொடிக்குப் பல தடவை தட்டி அதை எழுந்திருக்கவே விடவில்லை. ஒரு நொடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி கூட்டுங்கள், 30-இல் நிறுத்துங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே குலுக்கிவிடுங்கள்.

பாலக்கோடு_பையன் | ஞாயிறு, காலை 11:00

ஐயா, மன்னிக்கவும். பலகையின் தலையில் "கடைசியாகப் புதுப்பித்தது" என்று நேரம் போட்டுவிட்டேன். 40 நொடிக்கு மேல் பேச்சில்லை என்றால் பலகை முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பலாக இருந்தால் அந்த விலையை நம்பாதீர்கள்.

இப்போது மண்டிக்காரர் லிங்கை எல்லோருக்கும் கொடுக்கப் போகிறேன் என்கிறார். அறுபது பேராவது வருவார்கள். என் சர்வரில் ஓர் ஒர்க்கர் 30 எம்பி சாப்பிடுகிறது. அறுபது பேர் காத்திருந்தால் 1800 எம்பி. இருப்பது 1 ஜிபி.

ஓசூர்_நைட்ஷிப்ட் | ஞாயிறு, மதியம் 12:15

இப்போதாவது வெப்சாக்கெட் என்று சொல்லலாமா? குறைந்தது காத்திருக்கும் வேலையை மட்டுமாவது நோட்.ஜேஎஸ் என்ற வேறு சர்வர் நிரலுக்கு மாற்றுங்கள். ஒரே புராசஸ் ஆயிரம் பேரைச் சும்மா பிடித்து வைத்திருக்கும். காத்திருப்பதற்கு ஆளுக்கு ஒரு பிஎச்பி ஒர்க்கர் என்பது, பஸ்ஸுக்கு நிற்பவருக்கு ஆளுக்கு ஒரு பஸ் நிலையம் கட்டுவது மாதிரி.

தகடூர்_அக்கா | ஞாயிறு, மதியம் 12:50

ஓசூர் தம்பி சொல்வது நியாயம், பஸ் நிலையம் நன்றாக இருக்கிறது. நூறு பேர் ஒருவருக்கொருவர் பேசுகிற தளம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இங்கே பேசுவது இருவர், கேட்பது அறுபது பேர். மலையில் இருக்கும் ஐயாவுக்கு மூன்று நொடி தாமதமானால் என்ன நஷ்டம்?

விலை கமிட் ஆனதும் பலகையை ஒரு ஜேசன் (தகவலை எழுத்தாக வைக்கும் வடிவம்) ஃபைலாக எழுதிவிடு. என்ஜின்எக்ஸ் அதை நேராகக் கொடுக்கட்டும், பிஎச்பி வாசலுக்கே யாரும் வர வேண்டாம். போன்கள் மூன்று நொடிக்கு ஒருமுறை கேட்கட்டும். அறுபது பேர் என்றால் நொடிக்கு இருபது கேள்வி. ஒரு சின்ன ஃபைலை நொடிக்கு இருபது தடவை கொடுப்பது என்ஜின்எக்ஸுக்குக் கொட்டாவி விடுகிற நேரத்து வேலை. மண்டிக்குள் தொங்கும் திரைகளுக்கு மட்டும் உடனே தெரிய வேண்டும், அவற்றுக்கு லாங் போலிங் இருக்கட்டும். எத்தனை திரை?

பாலக்கோடு_பையன் | ஞாயிறு, மதியம் 1:05

ஆறு.

காரிமங்கலம்_சந்தை | ஞாயிறு, மதியம் 1:30

அக்கா சொன்னதில் இரண்டு குழிகள் இருக்கின்றன, மூடிவிடுகிறேன். ஃபைலை நேராக மேலே எழுதாதீர்கள். பாதி எழுதும்போது யாராவது படித்தால் பாதி ஜேசன் போகும். பக்கத்தில் வேறு பெயரில் எழுதி முடித்து, அப்புறம் பெயர் மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே வெட்டில் நடக்கும்.

அடுத்தது, ஃபைல் மாறியதா என்று அறிய என்ஜின்எக்ஸ் போடும் ஈடேக் முத்திரை என்பது ஃபைலின் நேரமும் நீளமும் மட்டும்தான். ஒரே நொடியில் 420 என்பது 430 ஆனால் நேரமும் அதே, நீளமும் அதே. மாறவில்லை என்று 304 சொல்லிவிடும், அடுத்த விலை பதிவாகும்வரை பழையதே நிற்கும். பக்கத்திலிருந்து கேட்கும்போது நோ-ஸ்டோர் (சேமித்து வைத்த பழையது வேண்டாம்) என்று கேளுங்கள். முழுசாகவே வரட்டும், நான்கு கேபிக்கு மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது?

பாலக்கோடு_பையன் | புதன், காலை 9:20

மூன்று நாள் ஓடிவிட்டது. போன்கள் ஃபைலையும் ஆறு திரைகள் லாங் போலிங்கையும் பிடித்திருக்கின்றன. எஃப்பிஎம் நிலவரப் பக்கத்தைத் திறந்து வைத்தேன், இன்று ஏல நேரத்தில் ஒரே சமயத்தில் வேலையில் இருந்த ஒர்க்கர்கள் அதிகபட்சம் 9, பன்னிரண்டில். 504 ஒன்றும் இல்லை. 499 இருக்கிறது, ஆனால் கொத்தாக இல்லை.

இன்று காலை ஏலத்தின் நடுவே கரண்ட் போனது. ஆறு திரையும் அணைந்து, ஜெனரேட்டர் போட்டதும் ஒவ்வொன்றாக வந்து சரியான விலையைக் காட்டின. கணக்குப்பிள்ளைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் நோட்டிலும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஓசூர்_நைட்ஷிப்ட் | புதன், காலை 9:35

நோட்டுக்கு டைம்அவுட் கிடையாது. அவர் சரியாகத்தான் செய்கிறார்.

பெட்டமுகிலாளம்_மலை | புதன், மதியம் 2:40

இன்றைக்குப் பார்த்தேன். இரண்டு தடவை சாம்பலாகித் திரும்ப வெளுத்தது. என் லாட் 410-க்குப் போனதும் தெரிந்தது, வண்டிக்காரர் போன் செய்து சொல்வதற்கு முன்பே. விலைதான் பத்தவில்லை.